சிப்காட் பஸ்ஸில் வெட்டிப்பேச்சு: புதிதாகச் சேர்ந்தவருக்கு

முதலில் இடம் பிடியுங்கள். ஓசூர் சிப்காட்டுக்குக் காலை ஷிப்டு ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்ஸில் கடைசி வரிசைதான் பேச்சுக்கு. முன்வரிசைக்காரர்கள் தூங்குவார்கள், வீட்டுக்கடன் உள்ளவர்கள், எழுப்பாதீர்கள்.

கன்னடக்காரர் 'ஹரட்டே' என்றால் மிரளாதீர்கள். நம் அரட்டைதான், ஜூஜூவாடி எல்லை தாண்டியதும் ஒரு 'ஹ' ஏறிக்கொள்ளும். தேன்கனிக்கோட்டைத் தெலுங்கர் 'சோதி' என்றால் நீங்கள் அறுக்கிறீர்கள் என்று பொருள்; நிறுத்திவிடுங்கள். பீகார் நண்பர் வெட்டிப்பேச்சைப் 'பகர்' என்பார். தமிழில் எழுதிப் பாருங்கள், புலவர்கள் பகர்ந்ததெல்லாம் இதுதானோ என்று தோன்றும். தோன்றியதைத் தமிழாசிரியரிடம் சொல்ல வேண்டாம்.

இனி ஆபத்தான பாடம். காமெடி வீடியோ பார்த்து இந்தி கற்றவர்கள் 'பக்சோதி' என்று சரளமாக விடுவார்கள். தெலுங்குச் சோதி வேறு, இது வேறு. 'பக்' என்றால் பிதற்றல். மீதிப் பாதி அம்மா காதில் விழக்கூடாத கெட்டவார்த்தை. 2012-இல் தன்மய் பட்டும் குர்சிம்ரன் கம்பாவும் மும்பையில் தொடங்கிய நகைச்சுவைக் குழுவுக்கே 'ஆல் இந்தியா பக்சோத்' என்றுதான் பெயர். ஏ.ஐ.பி. என்று சுருக்கியதும் அதே வார்த்தை சட்டை பேன்ட் போட்டுக்கொண்டு பத்திரிகைகளில் உலாவியது. 2014 டிசம்பரில் அவர்கள் நடத்திய 'நாக்அவுட்' என்ற கலாய்ப்பு நிகழ்ச்சி, அடுத்த மாதம் யூடியூபில் ஏறி, போலீஸ் வழக்கில் போய் இறங்கியது.

நானோ வழக்கு வரை போகவில்லை. குடும்ப தின விழாவில் வடக்கத்தி மேலாளரின் மனைவியிடம், "சார் நல்லா பக்சோதி பண்ணுவாருங்க" என்று மனதாரப் பாராட்டினேன். மறுவாரம் முழுக்க நைட் ஷிப்டு.

ஆகவே 'பகைதி' என்று சொல்லிப் பழகுங்கள். உத்தரப் பிரதேசத்தார் சவடாலுக்குச் சொல்வது, அதில் வசவு இல்லை. பின்னால் ஒரு 'பண்ணு' சேர்த்தால் எந்த ஊர்ச் சொல்லும் நமக்குச் செரித்துவிடும்: "பகைதி பண்ணாதடா!" 1965-இல் ஆட்சிமொழி இந்தியை வாசலிலேயே மறித்தோம்; வெட்டிப்பேச்சு பின்படிக்கட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

நாமும் சும்மா இருக்கவில்லை. 2025-இல் சோஹோவின் 'அரட்டை' செயலி வடக்கே பரவியபோது பக்கத்துச் சீட்டு பீகார் தம்பி கேட்டான்: "பையா, அரட்டாய்னா என்ன?"

"பகர்."

"அதுக்கு எதுக்கு ஆப்?" என்றவன் தானாபூரில் தொடங்கி ஜோலார்பேட்டை வரை ரயிலில் நின்றே வந்த கதையை மூன்றாம் தடவையாக ஆரம்பித்தான். கேட் வந்துவிட்டது.