மிதியின் நாடி பார்ப்பவர்

இங்கிலாந்தின் புறநகர்ப் பகுதிகளில், சனிக்கிழமை முற்பகலில், பாதி திறந்த கார் கொட்டகையிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீண்டிருக்குமாயின், அவை பழைய எம்.ஜி.பி. காரின் பிரேக் நோயைக் கண்டறிய முனைந்திருக்கும் ஒரு தனி மனித வகைக்கு உரியவை என்று துணியலாம். 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் ஆலையில் 5 லட்சத்துக்கும் மேலாக உருவான அந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு உதிரிப் பாகங்கள் இன்றும் தட்டுப்பாடின்றிக் கிடைத்துவருவதால், இவ்வினம் அருகிப்போவதற்கான அறிகுறி எதுவும் தென்படவில்லை.

இவருடைய மருத்துவம் பிரேக் மிதியின் நாடி பார்ப்பதில் தொடங்குகிறது. மிதி பஞ்சுபோல் அமுங்கினால் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கிறது என்றும், முதல் அழுத்தத்தில் ஆழமாக இறங்கி இரண்டாவதில் உயர்ந்து நின்றால், பின்சக்கரங்களில் டிரம் எனப்படும் உருளைக்குள் விரிந்து உராய வேண்டிய ஷூக்கள் தேய்ந்து விலகியிருக்கின்றன என்றும், அழுத்திய காலுக்கடியிலேயே மெல்ல மெல்லத் தாழ்ந்தால், மிதியின் விசையை ஆயிலின் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் வளையம் தளர்ந்துவிட்டது என்றும் அவர் பிழையின்றி உரைப்பார். உரைத்த கையோடு அந்த அறிவுக்கு ஓய்வு கொடுத்துவிடுவதே இவ்வகையின் சிறப்பியல்பு. விலகிய ஷூவை நெருக்குவதற்குப் பின்சக்கரத் தகட்டின் உட்புறத்தில் சதுரத் தலையுள்ள திருகு ஒன்று இருக்கிறது, சக்கரம் சுழலாமல் நிற்கும்வரை அதை இறுக்கி, மீண்டும் தடையின்றிச் சுழலும் அளவுக்குச் சற்றே தளர்த்தினால் காரியம் முடிந்தது, காசு செலவில்லை. ஆனால் அத்திருகு சேறும் துருவும் மண்டிய மூலையில் கிடக்க, புதிய மாஸ்டர் சிலிண்டரோ அழகிய அட்டைப்பெட்டியில் வருகிறது.

ஆயிலைப் பற்றிய விரிவுரை தேநீர் வேளைக்கு உரியது. கிளைக்கால் வகைப் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது என்றும், டாட் 4 என்னும் தரத்தில் புதிய ஆயிலுக்கு 230 பாகை செல்சியஸாக விதிக்கப்பட்ட குறைந்தபட்சக் கொதிநிலை, ஈரம் ஏறிய ஆயிலுக்கு 155 பாகையாக இறங்கிவிடுகிறது என்றும் அவர் விளக்கிக்கொண்டிருக்கையில், அவர் முதுகுக்குப் பின்னாலுள்ள பலகையில், மூடி தொலைந்த ஆயில் டப்பா ஒன்று சென்ற கோடையிலிருந்து வாயைத் திறந்தபடி அந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

குழாயிலிருந்து காற்றை வெளியேற்றும் சடங்குக்கு மனைவியின் வலது கால் இன்றியமையாதது. வண்டிக்கடியிலிருந்து எழும் "அழுத்து", "பிடி", "விடு" என்னும் முச்சொற்களுக்கு ஏற்ப, மடியில் நாவலை விரித்துவைத்தபடியே அம்மையார் மிதிக்க, முன்சக்கரத்தோடு சுழலும் வட்டைக் கவ்வி நிறுத்தும் இடுக்கியாகிய காலிப்பரின் நிப்பிள், அதாவது துளையுள்ள சிறு ஆணி, வழியாக ஆயில் ஒரு ஜாம் குப்பிக்குள் இறங்கும். குப்பிகள் நிறைந்தும் மிதியின் பஞ்சுத்தன்மை நீங்காது. ஏனெனில் சென்ற வாரம் காலிப்பர்களைக் கழற்றிச் சிவப்பு வண்ணம் பூசிய அவர், இடப்புறத்ததை வலத்திலும் வலப்புறத்ததை இடத்திலும் பூட்டியிருப்பார். உச்சியில் இருக்க வேண்டிய நிப்பிள் அடியில் தொங்க, மேலேறும் இயல்புள்ள காற்று வெளியேற வழியின்றி உச்சியிலேயே குடியிருக்கும். தேநீர்க் கோப்பையுடன் குனிந்து பார்த்து, அந்த ஆணி கீழ்நோக்கி இருக்கலாமா என்று முதலில் வினவுபவர் பெரும்பாலும் மனைவியே. அவருக்கு மாஸ்டர் சிலிண்டரின் உள்ளமைப்பு மிகுந்த பொறுமையோடு விளக்கப்படும். இரண்டாவது மாஸ்டர் சிலிண்டர் செவ்வாய்க்கிழமை வந்துசேரும்.