சத்தம் சரியில்லையே!

இது யாரையும் குறிப்பிட்டு எழுதியது அல்ல. குறிப்பாக, என் அக்கா வீட்டுக்காரரைக் குறிப்பிட்டு எழுதியது அல்லவே அல்ல. தட்டிப் பார்க்கும் ஆசாமிகள் ஊருக்கு ஊர் உண்டு. விருத்தாசலத்தில் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

ஆள்காட்டி விரலை மடக்கி, கணுவால் இரண்டு தட்டு. தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணை மூடி, ஒரு சின்ன மௌனம். பிறகு தீர்ப்பு: "ம்ஹூம்... சத்தம் சரியில்லையே." தேங்காய், தர்பூசணியோடு நின்றால் பரவாயில்லை. ஹெல்மெட், வாஷிங் மெஷின், வாடகைக்குப் பார்க்கப் போன வீட்டின் சுவர், பெண் பார்க்கப் போன வீட்டின் தூண், எதையும் அந்த விரல் விடாது. ஒருமுறை டாக்டர் இவர் முதுகைத் தட்டிப் பார்த்தார். "எப்படி சார் இருக்கு சத்தம்?" என்று இவர் ஆவலாகக் கேட்டார்.

தொழில் தந்த பழக்கம். நெய்வேலிச் சுரங்கத்து வெள்ளைக் களிமண்ணை நம்பி வளர்ந்த எங்கள் ஊர்ப் பீங்கான் தொழிற்பேட்டையில், சூளையிலிருந்து இறங்கும் சரக்கைத் தரம் பார்த்தே தலை நரைத்தவர். ஊறுகாய் ஜாடி, ஃபியூஸ் கட்டை, அகல் விளக்கு என்று அந்த விரல் தட்டாதது கிடையாது. நன்றாக வெந்த ஜாடியைத் தட்டினால் 'டிங்' என்று ஒலி நீள வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் இருந்தாலும் அதிர்வு ஓடாது, 'டொக்' என்று அங்கேயே செத்துவிடும். இந்த விஷயத்தில் அவர் காது தப்பியதே இல்லை. எங்கள் வீட்டு உப்பு ஜாடி அவர் தட்டிக் கொடுத்ததுதான், இன்றைக்கும் குத்துக்கல்லாக இருக்கிறது. ஆனால் உலகத்தில் உள்ள எல்லாமே சூளையிலிருந்துதான் இறங்கியது என்று நினைத்தால் என்ன செய்வது?

இப்படிப்பட்டவரைக் குடும்பத்தோடு லட்சத்தீவுக்கு அழைத்துப் போனோம். கொச்சியில் 'எம்.வி. கவரத்தி' கப்பலில் ஏறினால் ஐந்து நாள் 'சமுத்திரம்' சுற்றுலா. ராத்திரி கப்பலிலேயே படுக்கை. பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று நாளுக்கு ஒரு தீவு. காயலுக்குள் கப்பல் வராது, வெளியே நின்றுவிடும். சின்னப் படகில் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிட வேண்டும். கப்பலையும் தட்டினார், லைஃப் ஜாக்கெட்டையும் தட்டினார். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

கவரத்தியில் கடலுக்கடியில் பார்க்க மூன்று வழி. நனைய இஷ்டமில்லையா, அடியில் கண்ணாடி வைத்த படகில் உட்கார்ந்து குனிந்து பார்க்கலாம். தண்ணீரில் முகத்தை வைக்கத் துணிச்சல் உண்டா, மாஸ்க் மாட்டி, குழாயை வாயில் கவ்வி மிதக்கலாம். இன்னும் துணிச்சல் உள்ளவர்களுக்கு முதுகில் சிலிண்டரைக் கட்டும் ஸ்கூபா. பயிற்சியாளர் பிடித்தபடியே இறக்குவார், நீச்சல்கூடத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் பத்து மீட்டர் இறங்கினாலே நாம் சாதாரணமாகத் தாங்குவதைப்போல் இரண்டு மடங்கு அழுத்தம், முதலில் காதுதான் அலறும். வயதான அம்மா, சின்னப் பிள்ளைகள், இரத்த அழுத்த மாத்திரை போடுகிற மாப்பிள்ளை. இந்தக் கூட்டம் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

நம்மவர் கண்ணாடிப் படகில் ஏறினார். உட்காரவில்லை. மண்டியிட்டார். விரலை மடக்கினார்.

'டொப்.'

"தம்பி, இது எத்தனை மில்லிமீட்டர்?"

"நல்ல கட்டியாணு சாரே."

"கட்டியெல்லாம் சரி. சத்தம் சரியில்லையே."

அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிற கண்ணாடி எப்படிக் கணீரென்று ஒலிக்கும்? தண்ணீர் நிரம்பிய ஜாடியைத் தட்டினாலே ஒலி அடங்கும் என்பது அவருக்குத் தெரியாததா? தெரியும். அதனால்தான் படகை மணலில் ஏற்றச் சொன்னார், காய்ந்த பிறகு ஒருமுறை தட்டிப் பார்க்க. மூலைக்கு மூலை தட்டிக்கொண்டே நகர்ந்தார். அப்போது கண்ணாடிக்குக் கீழே ஒரு கிளிமீன், பச்சையும் நீலமுமாக, சாவகாசமாக வந்து நின்று அவரைப் பார்த்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக் காதைக் கொடுத்திருந்தார். பின்னால் காத்திருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்ததும் கரையில் குதித்துவிட்டார்.

நாங்களாவது போயிருக்கலாமே என்பீர்கள். "மாப்பிள்ளையை விட்டுட்டு எப்படிடா போறது?" என்றாள் அம்மா. எல்லாரும் இறங்கினோம். படகு வேறு ஆட்களோடு போயிற்று.

மாஸ்க் பிளாஸ்டிக். ஒரே தட்டில் நிராகரிப்பு. பிறகு ஸ்கூபாக்காரர்கள் வரிசையாக நிறுத்தியிருந்த அலுமினிய சிலிண்டர்களிடம் போனார். தட்டினார்.

'கணீ...ர்.'

கண்ணைத் திறந்தார். அந்த முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை அக்காவே பார்த்ததில்லையாம். "இதுதான்யா சரக்கு! நான் இதுலயே போறேன்."

"உங்களுக்கு நீச்சலே தெரியாதேங்க?"

"ஆழத்துப் பிள்ளையாரையே வாரா வாரம் இறங்கிப் பார்க்கிறவன்டி. எனக்கு ஆழம் புதுசா?"

பழமலைநாதர் கோயிலில் தரைமட்டத்துக்குக் கீழே படியிறங்கிப் பார்க்கும் அந்தப் பிள்ளையாரைச் சுற்றித் தண்ணீர் கிடையாது என்று அக்கா சொன்னது காதில் ஏறவில்லை. படிவம் வந்தது. ஆஸ்துமா, இருதயம், இரத்த அழுத்தம் உண்டா என்று கேள்விகள். வேறொருவர் என்றால் 'இல்லை' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். இவர் மாத்திரையின் பெயர், அளவு உட்பட எழுதிக் கொடுத்தார். விரிசல் விட்ட சரக்கை நல்ல சரக்கு என்று ஒரு நாளும் அனுப்பாத மனுஷன், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். டாக்டர் கடிதம் இல்லாமல் இறக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த மேஜையையும் ஒருமுறை தட்டிவிட்டு எழுந்தார்.

அதற்குள் கப்பலுக்குத் திரும்பும் நேரம். கண்ணாடிப் படகை மேலே இழுத்துவிட்டார்கள். இப்போது மணலில் காய்ந்துகொண்டிருந்தது. போய்த் தட்டினார். "இப்ப பரவால்ல" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மகள் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாள். கடல் சூடேறி அந்தத் தீவுகளின் பவளம் 1998-இல் வெளுத்தது, 2010-இல் வெளுத்தது, 2016-இல் வெளுத்தது, 2024-இல் மறுபடியும் வெளுத்தது. மிச்சம் இருப்பதைப் பார்க்கக் கிடைத்த ஒரு பகலை ஒரு விரல் தின்றுவிட்டது. அவருக்கு நம்பிக்கை இல்லையென்றால் அவர் கரையில் உட்காரட்டும். ஆறு பேரையும் சேர்த்து உட்காரவைக்க மாப்பிள்ளை என்ற ஒரு தகுதி போதுமா?

லட்சத்தீவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நுழைவு அனுமதி இல்லாமல் அங்கே போக முடியாது, முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். கண்ணாடிப் படகுக்கு, காற்று அடங்கி வெயில் தலைக்கு மேல் நிற்கும் நேரம் நல்லது, அடிவரை வெளிச்சம் போகும். கூட்டத்தில் விரலை மடக்குகிற ஆள் யாராவது இருந்தால், "மாமா, அந்தப் பக்கம் சிலிண்டர் வச்சிருக்காங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டு நீங்கள் படகில் ஏறிவிடுங்கள். அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.