சுழியில் சிக்கிய மாப்பிள்ளை

கேள்வி: மகள் கல்யாணப் பத்திரிகையில் ஆங்கிலப் பக்கம் மட்டும் கொடிகொடியாகச் சுழல்கிறது. தமிழ்ப் பக்கம் ஏன் இப்படி விறைத்துக்கொண்டு நிற்கிறது?
– ஒரு வாசகர், சுந்தரபாண்டியபுரம்

பதில்: அந்த ஆங்கிலச் சுழி இறகுப் பேனாவின் வேலை. இறங்கும்போது அழுத்தினால் தடிமன், ஏறும்போது தளர்த்தினால் மெலிசு. கையை எடுக்காமலே அடுத்த எழுத்துக்குப் போய்விடலாம். அப்படி எழுதிய சார்லஸ் ஸ்னெல் என்ற லண்டன் எழுத்தாசிரியரின் கையெழுத்து முறையைப் பார்த்துத்தான் 1960களில் மேத்யூ கார்ட்டர் ‘ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட்’ எழுத்துருவைச் செய்தார்.

நம் எழுத்து ஓலையில் வளர்ந்தது. எழுத்தாணிக்கு ஏது தடிமன், மெலிசு? ஒவ்வொரு எழுத்தும் தனிக்குடித்தனம். உங்கள் ஊரிலிருந்து செங்கோட்டை வழியாக மலையிறங்கிப் போனால் வரும் கொல்லத்தில் 1578இல் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற தமிழ் நூல் அச்சானபோதும் அப்படித்தான்.

ஒன்று மட்டும். மாப்பிள்ளை பெயரை அந்த ஆங்கிலச் சுழியில் முழுக்கப் பெரிய எழுத்திலேயே போடச் சொல்லாதீர்கள். ஒவ்வொன்றும் வாலை நீட்டி இடம்பிடிக்கும். மாப்பிள்ளை யாரென்று மாமனாருக்கே தெரியாது. முகூர்த்த நேரமும் மண்டப முகவரியும் சாதா எழுத்திலேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் வழி தெரியாமல் பந்தி முடிந்து வந்துசேரும் உறவினர் வைக்கும் மொய்யும் அதற்கேற்பத்தான் இருக்கும்.