மைனஸ் ஒன்று பெற்றவர்களின் விண்ணப்பம்

அனுப்புநர்: கணக்கு இருந்தும் வரவு இல்லாத இளைஞர்கள், ஆதாரில் உள்ள முகவரிகள்.

பெறுநர்: ஆளுநர் அவர்கள், இந்திய ரிசர்வ் வங்கி, மும்பை.

பொருள்: நிதி உள்ளடக்கம் – உள்ளடக்கப்பட்டுவிட்டமைக்கு நன்றி தெரிவித்தல் – வேலை குறித்துச் சில விளக்கங்கள் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மார்ச் 2025-க்கான நிதி உள்ளடக்கக் குறியீடு, 67.0 புள்ளிகள்.

மதிப்பிற்குரிய ஆளுநர் அவர்களுக்கு,

வங்கிக் கணக்கு, கடன், காப்பீடு, ஓய்வூதியம் போன்ற சேவைகள் எளியோருக்கும் அவர்களால் தாங்கக்கூடிய செலவில் கிடைக்கச் செய்வதே நிதி உள்ளடக்கம் எனப்படும். அதன் பெருந்திட்டமான ஜன்தன் திட்டத்தின் தொடக்க வாரத்தில், 2014 ஆகஸ்ட் 23 முதல் 29 வரை, 1,80,96,130 கணக்குகள் திறக்கப்பட்டு அது கின்னஸ் சாதனையானதையும், 2025 ஆகஸ்டில் அந்த எண்ணிக்கை 56 கோடியைத் தாண்டியதையும் விண்ணப்பதாரர்கள் பெருமையோடு நினைவுகூர்கிறார்கள். அவற்றுள் ஏறத்தாழ நான்கில் ஒன்று இயக்கமற்ற கணக்கு, அதாவது இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாடிக்கையாளர் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாத கணக்கு, என்று அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்திருப்பதால் இந்தப் பெருமை குறைந்துவிடாது. போடுவதற்கு ஒன்றும் இல்லாதவர் கணக்கில் ஒன்றும் போடாமல் இருப்பது கணக்கியல் நேர்மையே ஆகும்.

பார்வையில் கண்ட குறியீட்டை ரிசர்வ் வங்கி 2021 முதல் வெளியிட்டு வருகிறது. எவருமே உள்ளே இல்லையெனில் சுழியம், எல்லாரும் உள்ளே வந்துவிட்டால் நூறு என்ற அளவுகோலில், சேவை எட்டுகிறதா என்பதற்கு 35 விழுக்காடும், பயன்படுத்தப்படுகிறதா என்பதற்கு 45 விழுக்காடும், தரத்துக்கு 20 விழுக்காடும் எடை தரப்படுகின்றன. 2021 மார்ச்சில் 53.9 ஆக இருந்த புள்ளி நான்கே ஆண்டுகளில் 67.0 ஆனது முதல் வகுப்புத் தேர்ச்சி என்பதில் ஐயமில்லை. பயன்பாட்டைப் பொறுத்தவரை இளைஞர்கள் தம் பங்கைக் குறைவின்றிச் செய்கிறார்கள் என்பதைப் பதிவு செய்ய இக்கடிதம் விரும்புகிறது. பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் தேர்வு செய்யும் ஐ.பி.பி.எஸ். நிறுவனத்தின் எழுத்தர் தேர்வுக்குப் பொதுப்பிரிவினரும் இதர பிற்படுத்தப்பட்ட பிரிவினரும் 850 ரூபாய் செலுத்துகிறார்கள்; அதற்குப் பின் அதிகாரி தேர்வு, அதற்குப் பின் ரயில்வே, அதற்குப் பின் மீண்டும் எழுத்தர் என்று ஆண்டு முழுவதும் தளராமல் செலுத்துகிறார்கள். வேலை தேடுவோரிடமிருந்து வேலை தருவோருக்குப் பணம் செல்லும் இந்தப் பரிவர்த்தனை முழுவதும் டிஜிட்டல் முறையில், ரொக்கக் கலப்பின்றி, நாட்டின் இலக்குகளுக்கு இசைய நடைபெறுகிறது.

இந்தக் குறியீடு 97 அளவீடுகளைக் கொண்டது. வங்கி, முதலீடு, காப்பீடு, அஞ்சல், ஓய்வூதியம் ஆகிய துறைகளிலிருந்து அவை திரட்டப்படுகின்றன. வேலை இந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் ஓய்வூதியம் இருப்பதால், ஒருவர் எதிலிருந்து ஓய்வு பெறுவார் என்ற கேள்வியைக் குறியீடு பெருந்தன்மையோடு அவரிடமே விட்டுவிடுகிறது. 2015-இல் தொடங்கப்பட்ட அடல் ஓய்வூதியத் திட்டத்தில் 18 வயதிலேயே சேரலாம். மாதம் 42 ரூபாய் கட்டிவந்தால் 60 வயதுக்குப் பின் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். ஆகவே ஓர் இந்திய இளைஞரின் பொருளாதார வாழ்வின் முடிவு உறுதி செய்யப்பட்டுவிட்டது என்றும், தொடக்கமும் நடுப்பகுதியும் மட்டுமே நிலுவையில் உள்ளன என்றும் கொள்ளலாம்.

இனி இவ்விண்ணப்பத்தின் தலைப்புக்குக் காரணமான மதிப்பெண்ணைக் குறித்துச் சொல்ல வேண்டும். கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 2005-இன்கீழ் இயங்கும் நான்கு நிறுவனங்களுள் மூத்ததான டிரான்ஸ்யூனியன் சிபில், ஒருவர் முன்பு வாங்கிய கடன்களை எப்படித் திருப்பிச் செலுத்தினார் என்பதைக் கணித்து 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் தருகிறது. மக்கள் வழக்கில் இதுவே சிபில் ஸ்கோர். வாழ்நாளில் கடனே வாங்காதவருக்கு, வரலாறு இல்லை என்பதைக் குறிக்க, மைனஸ் ஒன்று இடப்படுகிறது. தேர்வு எழுத வராதவருக்குக்கூட எந்தப் பள்ளியும் கழித்தல் குறி போட்டதில்லை. கடன் வாங்காமல் வாழ்வதே மானம் என்று சொல்லிப் பிள்ளைகளை வளர்த்த பெற்றோர்கள் அவர்களுக்கு எத்தகைய தீங்கு இழைத்துவிட்டார்கள் என்பது இந்த எண்ணைப் பார்த்த பிறகே குடும்பங்களுக்குப் புரிகிறது. கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதன்முறை கேட்போரின் விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே அறிவுறுத்தியுள்ளது. அதனால் வங்கிக் கிளைகள் வேறு காரணங்களைத் தேட வேண்டிய சிரமத்துக்கு ஆளாகியுள்ளன. வழக்கமாக அகப்படுவது சம்பளச் சீட்டு. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற பழமொழியை வகுத்தவர் ஏதேனும் ஒரு கிளையில் கடன் பிரிவில் பணியாற்றியிருக்கக் கூடும்.

இந்தச் சுழலில் சிக்காமல் வரலாறு படைத்தவர்களும் உண்டு. அவர்கள் கல்விக் கடன் பெற்றவர்கள். நாலு லட்சம் ரூபாய் வரை பிணையின்றியும், ஏழரை லட்சம் வரை அரசின் கடன் உத்தரவாத நிதியின் துணையோடும் வழங்கப்படும் இக்கடனுக்கு, படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்குகிறது. வேலை கிடைத்ததா என்பது அந்த விதியின் கேள்வியன்று. நாள்காட்டி புரண்டதா என்பதே கேள்வி. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024 மார்ச்சில் தன் கூட்டு நிறுவனத்தோடு வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022-இல் எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே வேலையின்மை 3.4 விழுக்காடு, பட்டதாரிகளிடையே 29.1 விழுக்காடு. படிக்காத ஏழைக்கு வேலை தேடிக் காத்திருக்கும் வசதி கிடையாது, கிடைத்த கூலிக்குப் போய்விடுகிறார் என்பதே இதன் காரணம் என்று பொருளியலாளர்கள் விளக்குவார்கள், விளக்கம் சரியானதே. ஆயினும் பட்டம் பெற்றதும் வேலையின்மை எட்டரை மடங்காகும் சந்தையில், பட்டத்துக்கென்றே கடன் கொடுத்து, ஓராண்டில் தவணையை எதிர்பார்க்கும் இடர் மதிப்பீட்டுக் கலையை எந்தக் கல்லூரி கற்பிக்கிறது என்று தெரிவித்தால், அங்கும் கடன் வாங்கிச் சேர இளைஞர்கள் ஆயத்தமாக உள்ளனர்.

தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையானால் கடன் வாராக்கடனாகிறது, மதிப்பெண் சரிகிறது, இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்ட பெற்றோரின் மதிப்பெண்ணும் கூடவே சரிகிறது. பட்டதாரி இப்போது வங்கித் தேர்வு எழுதுகிறார், தேறுகிறார், நேர்காணலிலும் தேறுகிறார். பாரத ஸ்டேட் வங்கியின் சில அறிவிக்கைகளில் உள்ள ஒரு நிபந்தனை அங்கே அவருக்காகக் காத்திருக்கிறது: கடன் அல்லது கடன் அட்டை நிலுவையில் தவறியவரும், சிபில் அறிக்கையில் பாதகமான பதிவுள்ளவரும் பணி நியமனத்துக்குத் தகுதியற்றவர். இந்த நிபந்தனையின்படி 2021-இல் ஒரு நியமனம் ரத்து செய்யப்பட்டு, கடன்கள் அடைக்கப்பட்டுவிட்டன என்ற வாதத்தோடு வழக்குத் தொடரப்பட்டபோது, பொதுமக்களின் பணத்தைக் கையாள்வோருக்கு நிதி ஒழுக்கம் இன்றியமையாதது என்று கூறி, 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி வங்கியின் முடிவை உறுதி செய்தார். தீர்ப்பைக் குறித்து விண்ணப்பதாரர்களுக்கு மாறுபாடு ஏதுமில்லை. கடனை வசூலிக்க மிக உறுதியான வழி, கடனாளிக்குச் சம்பளம் கொடுத்து, அது அவர் கைக்குப் போகும் முன்பே தவணையைப் பிடித்துக்கொள்வது என்ற பழைய வழக்கத்தை வங்கிகள் எப்போது கைவிட்டன என்ற ஐயம் மட்டுமே எஞ்சுகிறது.

வங்கி வேலை கிட்டாதவர் உணவு விநியோகத்துக்குப் போகலாம். அதற்குச் சொந்த பைக் வேண்டும், பைக்குக் கடன் வேண்டும், கடனுக்குச் சம்பளச் சீட்டு வேண்டும்; ஆனால் விநியோகச் செயலியின் கணக்கில் அவர் ஊழியர் அல்லர், பங்காளி. லாபத்தில் பங்கில்லாத இத்தகைய பங்காளிகள், எல்லாத் துறைகளிலும் சேர்த்து, 2020-21-இல் 77 லட்சம் பேர் என்றும், 2029-30-இல் 2.35 கோடியாவார்கள் என்றும் நிதி ஆயோக் கணித்துள்ளது. பைக்கின் முன்பணத்துக்கு அவர்கள் கைப்பேசிக் கடன் செயலிகளை நாடுவது இயல்பு. அத்தகைய ஏறத்தாழ 1,100 செயலிகளில் 600 சட்டவிரோதமானவை என்று ரிசர்வ் வங்கியின் பணிக்குழுவே 2021-இல் கண்டறிந்தது. சம்பளச் சீட்டு கேட்காமல் இளைஞரை நம்பிய ஒரே நிதித்துறை அதுதான் என்பது வருந்தத்தக்கது.

இறுதியாக ஒரு சமத்துவக் கோரிக்கை. கடனின் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு வங்கி கணக்கை முடித்துவைத்தால், அந்த ஒருமுறைத் தீர்வு இளைஞரின் அறிக்கையில் செட்டில்டு என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் கறையாக நிற்கிறது. 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டத்தின்கீழ் தீர்வு காணும் நிறுவனங்களிடமிருந்து வங்கிகள் பெறுவது, ஒப்புக்கொள்ளப்பட்ட கோரிக்கைத் தொகையில் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு அளவே. எஞ்சியதை விட்டுக்கொடுப்பதற்கு ஹேர்கட் என்று பெயர், அதன் பின் நிறுவனம் புதிய உரிமையாளரோடு புதுவாழ்வு தொடங்குகிறது. பழைய உரிமையாளர்களை அச்சட்டத்தின் 29-ஏ பிரிவு விலக்கி வைக்கிறது என்பதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். இளைஞருக்குத் தம்மை விற்றுவிட்டுப் புதிய உரிமையாளரின்கீழ் இயங்கும் வசதி சட்டத்தில் இல்லாமையால், அதே மூன்றில் ஒரு பங்குக்கு அதே பெயரில் ஒரு சலுகையை ஏழரை லட்சத்துக்கு உட்பட்ட கல்விக் கடனாளிகளுக்கும் விரிவுபடுத்துமாறும், குறியீட்டின் 98-ஆவது அளவீடாக ஊதியத்தைச் சேர்க்குமாறும், அதனால் புள்ளி குறைந்துவிடும் என்ற அச்சம் இருப்பின் அதை அடிக்குறிப்பில் வைத்துக்கொள்ளுமாறும் வேண்டப்படுகிறது.

கடன் அறிக்கைப் பிழை குறித்த புகார் 30 நாட்களுக்குள் தீர்க்கப்படாவிடில், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. இவ்விண்ணப்பத்தையும் அத்தகைய புகாராகக் கருதி, 31-ஆம் நாள் முதல் நாளொன்றுக்கு 100 ரூபாயை விண்ணப்பதாரர்களின் ஜன்தன் கணக்குகளில் வரவு வைக்குமாறும், சம்பளச் சீட்டு கேட்கும் கிளைகள் அந்த வரவையே நிலையான வருமானத்துக்கான ஆதாரமாக ஏற்குமாறு உத்தரவிடும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது.