சுழி பார்க்கிறவர்

டோக்கியோவில் ஓச்சனோமிசு ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து மெய்தாய்-தோரி என்கிற தெருவில் இறங்கினால் கிதார் கடைகளாகவே இருக்கும். கடை திறக்கும் நேரத்தில், பாதி ஏறிய ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே நோட்டம் விட்டபடி ஒருவர் நிற்பார். எந்த நாட்டுக்காரராகவும் இருக்கலாம். வயது ஐம்பதுக்கு மேல். முதுகில் காலியான கிதார் உறை, சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர். பழைய ஜப்பான் பேஸ் கிதார் வாங்க வந்திருக்கிறார்.

பேஸ் என்பது நான்கு தடித்த கம்பிகள் கொண்டது. மேடையில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் நிற்பவர் வாசிப்பது. பாட்டு முடிந்ததும் பாடகரைப் பாராட்டுவார்கள், கிதாரைப் பாராட்டுவார்கள், டிரம்ஸ்காரருக்குத் தண்ணீர் கொடுப்பார்கள். பேஸ்காரரிடம் வந்து “சார், கொஞ்சம் நகருங்க, ஒயர் சுத்தணும்” என்பார்கள். நம்மவர் இளமையில் நிறைய நகர்ந்தவர்.

கடைக்குள் நுழைந்ததும் சுவரில் மாட்டியிருக்கும் ஒன்றை இறக்கச் சொல்வார். மற்றவர்கள் பேஸின் முகத்தைப் பார்ப்பார்கள். இவர் கையில் வாங்கிய கையோடு திருப்பிவிடுவார். மாட்டுச் சந்தையில் சுழி பார்க்கிற தரகர் கெட்டார். வரிசை எண் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்பதில் இருக்கிறது இவர் உயிர். ஜப்பானில் செய்த ஃபெண்டர் பேஸில் ‘ஜேவி’ என்றிருந்தால் 1982 முதல் 1984 வரை செய்தது, கண் கலங்கும். ‘எஸ்க்யூ’ என்றால் அரைச் சிரிப்பு. அதற்குப் பின் வந்த எழுத்து எதுவானாலும், “ம்... பரவாயில்லை” என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொல்வார்.

அடுத்து, “கழுத்தைக் கழற்றிப் பார்க்கலாமா?” என்று கேட்பார். உள்ளே மரத்தில் தேதி குத்தியிருக்குமாம். கடைப்பையன் பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சித் தலையைச் சாய்ப்பான். ஜப்பானில் அதற்கு ‘முடியாது’ என்று அர்த்தம். நம்மவர் அவன் யோசிப்பதாக எடுத்துக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரை உருவுவார்.

எடை 3.9 கிலோ என்று சீட்டில் எழுதியே தொங்கவிட்டிருப்பார்கள். அப்படியும் பெட்டி நிறுக்கிற கொக்கித் தராசில் தானே ஒருமுறை தூக்கிப் பார்ப்பார். பிறகு உடம்பில் விரல் முட்டியால் தட்டி, “சென் மரம்!” என்று அறிவிப்பார். அமெரிக்க ஆஷ் மரத்துக்குப் பதிலாக ஜப்பான்காரர்கள் பயன்படுத்திய உள்ளூர் மரம் அது. தட்டினால் எப்படித் தெரியும் என்று கேட்டுவிடாதீர்கள்.

புதுக் கம்பி போட்டுத் தரட்டுமா என்று பையன் மரியாதைக்குக் கேட்டால் பதறிப்போவார். மோட்டவுன் பாட்டுகளுக்கு வாசித்த மேதை ஜேம்ஸ் ஜேமர்சன், அறுந்தாலொழியக் கம்பி மாற்றாதவர். அந்த ஒரு விஷயத்தில் நம்மவர் ஜேமர்சனுக்கு நிகர்.

பேஸ் வாங்க வந்தவர் வாசித்துப் பார்க்க மாட்டாரா? அங்கேதான் சிக்கல். பக்கத்து முக்காலியில் சீருடையோடு ஒரு பள்ளி மாணவி உட்கார்ந்து கட்டைவிரலால் கம்பியை அடி அடியென்று அடித்துக்கொண்டிருப்பாள். ‘கே-ஆன்!’ என்கிற அனிமே 2009இல் வந்தது. அதில் பேஸ் வாசிப்பவளே ஒரு பள்ளி மாணவிதான். இந்தப் பெண் வாசிக்கிற வேகத்தைப் பார்த்ததும் நம்மவர் ஆம்ப்ளிஃபயரின் ஒலியைக் குறைத்துக்கொண்டு, ‘ஈ’ கம்பியை ஒருமுறை, ‘ஏ’ கம்பியை ஒருமுறை மீட்டிவிட்டு, கண்ணை மூடித் தலையை ஆட்டி, “போதும், தெரிந்துவிட்டது” என்பார்.

வாசிப்பில் விட்டதைப் பேச்சில் பிடிப்பார். அகப்பட்டவன் கடைப்பையன். 1965இல் ஃபெண்டர் என்ற அமெரிக்கக் கிதார் கம்பெனியை ஒலிபரப்புக் கம்பெனியான சிபிஎஸ் வாங்கியது, எழுபதுகளில் அமெரிக்க வேலைத்தரம் இறங்கியது, அதே காலத்தில் ஜப்பான்காரர்கள் பழைய ஃபெண்டரை மில்லிமீட்டர் விடாமல் பார்த்துச் செய்தார்கள் என்று தொடங்குவார். ஹமாமாட்சுவில் டோக்காய். மாட்சுமோட்டோவில் ஃபூஜிகென், அதே ஊரில், தையல் மிஷினுக்கு மரப்பெட்டி செய்துகொண்டிருந்து கிதாருக்கு மாறிய மாட்சுமோகு. டுரான் டுரான் இசைக்குழுவின் ஜான் டெய்லர் வாசித்த ஏரியா ப்ரோ டூ பேஸ் அங்கே செய்ததுதான். காப்பியடிப்பவர்களை அடக்க முடியாமல் ஃபெண்டரே 1982இல் காண்டா ஷோக்காய், யமானோ என்ற இரண்டு ஜப்பானியக் கம்பெனிகளோடு சேர்ந்து ‘ஃபெண்டர் ஜப்பான்’ தொடங்கி, ஃபூஜிகென்னிடமே வேலையைக் கொடுத்தது. இத்தனையும் உண்மை. பையன் இதைத் தினமும் கேட்கிறான்.

உண்மையல்லாத ஒன்றும் உண்டு. அதுதான் விலையை ஏற்றுகிறது. எழுபதுகளின் எந்த ஜப்பான் பேஸைக் கண்டாலும் “இது லாசூட் பேஸ்” என்பார். அமெரிக்கக் கம்பெனி பயந்துபோய்க் கோர்ட்டுக்கு இழுத்த சரக்காம். நடந்தது வேறு. இன்னொரு அமெரிக்கக் கிதார் கம்பெனியான கிப்சனின் தாய்க் கம்பெனி நார்லின் 1977இல் வழக்குப் போட்டது, ஜப்பானிய ஐபனெஸின் அமெரிக்கக் கிளையான எல்கர் மீது. தகராறு கிப்சன் கிதாரின் தலைப்பகுதி வடிவம் பற்றியது. தீர்ப்பு வரைக்கும் போகாமல் 1978இல் சமாதானமாகப் பேசி முடித்துக்கொண்டார்கள். ஃபெண்டர் வாதியும் அல்ல, பிரதிவாதியும் அல்ல. ஆனால் நம்மவர் தோளில் தொங்குகிற ஃபெண்டர் காப்பி மட்டும் எப்படியோ கூண்டேறி வந்துவிட்டது.

வீட்டில் இவர் மகன் சாப்பாட்டு மேஜையில் ஒரு கீறல் போட்டால் அன்று முழுக்கத் திட்டு. பேஸில் பெல்ட் பக்கிள் உராய்ந்து உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு போயிருந்தால், அதற்கென்று தனியாகப் பணம் கொடுப்பார். ஏற்கெனவே இருக்கிற ஆறு பேஸ்களோடு இது ஏழாவது. “எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு?” என்று மனைவி கேட்டால், “இது மார்ச்சில் செய்தது” என்பார்.

அவர் பித்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. காசில்லாத பையன்கள் வாசிக்கட்டும் என்று மலிவாகச் செய்த வாத்தியங்கள் அவை. நாற்பது ஆண்டு கழித்தும் பலவற்றில் ஃப்ரெட் சரியாக இருக்கிறது, சுருதி நிற்கிறது. நீங்களும் ஒன்று வாங்குவதானால் லாசூட் கதைக்கு ஒரு யென்கூடக் கொடுக்காதீர்கள். கழுத்து நேராக இருக்கிறதா, கழுத்தை நேராக்கத் திருகுகிற உள்கம்பியான ட்ரஸ் ராடில் இன்னும் திருக இடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ராட் முழுக்க இறுகியும் கழுத்து வளைந்தே இருக்கிற பேஸ், ஜேவியே ஆனாலும், பழுதுபார்ப்பவரிடம் போயாக வேண்டிய பேஸ்தான்.