மூடி போடாதவர்

ஊறுகாய் ஜாடி, பேனா, பீரோ, கார் கதவு என்று எதையும் திறந்தபடி விட்டுப் போகிற ஆள் இல்லை அவர். பல் தேய்த்தால்கூடப் பேஸ்ட்டுக்கு மூடி போட்டுவிட்டுத்தான் வாய் கொப்பளிப்பார். ஆனால் கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிற அந்தப் பழைய சிந்தசைசரின் மேல்மூடி மட்டும், வாங்கி வந்த வாரத்தில் கழற்றியது, இன்றுவரை கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. ஸ்க்ரூக்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலில். "மறுபடி திறக்கத்தானே போறோம், எதுக்கு மூடணும்?" என்பது அவர் கட்சி. தினம் மடிக்கிற போர்வை விஷயத்தில் அவர் பையன் இதே கட்சியை எடுத்தால் மட்டும் அடி விழும்.

சிந்தசைசர் என்கிற அந்த மின்சாரக் கட்டை வாத்தியத்தைச் செல்லமாக 'சிந்த்' என்று கூப்பிடுகிற சிந்த்காரர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பெர்லினில் இருப்பவரும் ஒசாகாவில் இருப்பவரும் ஒரே தினுசாகத்தான் தலையைச் சாய்த்து ஸ்பீக்கரோடு காதை ஒட்டுவார்கள். நம்மூர்க்காரருக்குக் கூடுதலாக இரண்டு சோதனைகள்: சென்னை வெயில், சென்னை கரன்ட். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். சாஃப்ட்வேர் கம்பெனியில் நல்ல உத்தியோகம். பள்ளிக்கூட நாளில் ஏதோ ஒரு சினிமாப் பாட்டின் இடையிசையில் கேட்ட சத்தம் காதில் தங்கிவிட்டது. அது என்ன வாத்தியம் என்று தெரிந்தபோது வாங்க வசதியில்லை. இப்போது வசதி இருக்கிறது, வைக்க இடமில்லை. அதனால் சோபா போய்விட்டது.

அதே சத்தத்தை இன்று ஒரு மொபைல் ஆப்பே தருமே என்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள். நான் ஒருதரம் சொல்லிவிட்டு, காபி வராமலே வீடு திரும்பினேன்.

கல்யாணப் பந்தியில் அவருக்குப் பக்கத்து இலை வாய்த்தால் ரசம் வருவதற்குள் உங்களுக்கு டிரான்சிஸ்டர் தெரிந்துவிடும். "ஒரு டிகிரி சூடேறினா அதோட வோல்டேஜ் சுமாரா 2 மில்லிவோல்ட் இறங்கும் சார். பிசாத்து 2 மில்லிவோல்ட்தானேன்னு தோணும். ஆனா சத்தத்தை உண்டாக்குற ஆசிலேட்டருக்கு உள்ள ஒரு முழு ஸ்தாயிக்கு மொத்தமே 18 மில்லிவோல்ட்தான். பன்னெண்டு ஸ்வரஸ்தானம், 18 மில்லிவோல்ட். தலைக்கு ஒண்ணரை. அப்ப ஒரு டிகிரிக்கு என்ன ஆகும்?" அப்பளத்தை நொறுக்கி நம் முகத்தைப் பார்ப்பார். நமக்குப் பதில் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். "சட்ஜம்னு வெச்சது சுத்த ரிஷபத்தைத் தாண்டி ஓடிடும்!"

அப்படியானால் பாட்டே வாசிக்க முடியாதே என்று நாம் கேட்க வேண்டும். அதற்குத்தான் காத்திருப்பார். இரண்டு டிரான்சிஸ்டர்களை ஜோடி பார்த்து ஒட்ட வைப்பார்களாம். சூடு இரண்டுக்கும் ஒன்றாக ஏறுவதால் ஒன்று தள்ளுவதை மற்றொன்று இழுத்துவிடும். அப்படியும் டிகிரிக்கு மூன்றில் ஒரு சதவீதம் பிசகு மிஞ்சும். அதற்கென்றே ஒரு ரெசிஸ்டர் இருக்கிறது. சூடேறினால் அதுவும் டிகிரிக்கு 0.33 சதவீதம் மதிப்பு ஏறி, பிசகைச் சரிக்கட்டும். ஒரே நிபந்தனை, அது டிரான்சிஸ்டரை ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவருடைய சிந்த்தில் நாற்பது வருஷப் பசை காய்ந்து, ஒன்று விலகி நிற்கிறது. இதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். எதிர் வரிசையில் இருந்தவர்கள் மணப்பெண்ணின் தாய்மாமன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சூடும் சுருதியும் சண்டை போடுவது இவர் வீட்டில் ஆரம்பித்த கதையல்ல. 1970-ல் வந்த மினிமோக் சிந்த்தை மேடை விளக்கு வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு, கச்சேரிக்கு நடுவில் குமிழைத் திருகித் திருகிச் சுருதி சேர்த்தவர்கள் எத்தனையோ பேர். 1977-ல் யமஹா போட்ட சிஎஸ்-80, எண்பது கிலோவுக்குக் குறையாத கனம். அறையின் தட்பவெப்பம் மாறினால் அதற்கு மனசு மாறும். 'பிளேட் ரன்னர்' படத்துக்கு வாங்கெலிஸ் அதில்தான் வாசித்தார் என்பதை நம் ஆள் தன் சொந்தச் சித்தப்பா சாதனையைப் போலச் சொல்வார். 1978-ல் வந்த ப்ராஃபெட்-5-ல் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் உள்ளே இருக்கிற மைக்ரோபிராசசர், ஆசிலேட்டர்களை ஒவ்வொன்றாக இழுத்துவந்து சுருதியில் நிறுத்தும். 1983-ல் யமஹா டிஎக்ஸ்-7 வந்தது. முழுக்க டிஜிட்டல், மே மாதமானாலும் மார்கழியானாலும் ஒரே சுருதி. வாசிக்கிறவர்கள் பழையதைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு அதை வாங்கினார்கள். டிஎக்ஸ்-7 என்ற பெயரைக் கேட்டாலே அவர் முகத்தில் பாகப்பிரிவினை தெரியும்.

"இதுல நம்ம சங்கீதம் வருமா?" என்று யாராவது கேட்டால் சரண்ஜித் சிங்கை இழுப்பார். மும்பை ஸ்டுடியோ வாத்தியக்காரரான அவர் 1982-ல் ரோலண்ட் ஜூபிடர்-8, டிபி-303, டிஆர்-808 மூன்றையும் வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து இசைத்தட்டாகவே போட்டார். அன்றைக்குச் சீந்துவாரில்லை. பல வருஷம் கழித்து வெள்ளைக்காரர்கள் தேடி வந்து கொண்டாடினார்கள். இந்தக் கதையை ஒரு முறை முழுக்கக் கேட்டுவிட்டு நம் ஆளின் மனைவி கேட்டார்: "அவர் மூடி போட்டு வாசிச்சாரா, போடாமலா?"

சூடு பாதி சங்கடம் என்றால் சத்தம் மீதி. நமக்கு எல்லாம் ஒரே இரைச்சல். அவருக்கு வகை உண்டு, வம்சம் உண்டு. 'உம்ம்' என்று அடிக்குரலில் வந்தால் 50 சைக்கிள், எர்த் விவகாரம். அதே 'உம்ம்' ஒரு ஸ்தாயி மேலே கொஞ்சம் நாசியோடு வந்தால் 100 சைக்கிள். பவர் சப்ளையில் கெப்பாசிட்டர் காய்ந்துவிட்டது. 'கரகர' என்றால் குமிழுக்கு உள்ளே அழுக்கு. நிற்காமல் 'ஸ்ஸ்ஸ்' என்றால், ஒரு குரலைப் பல குரலாகக் காட்டுகிற கோரஸ். அந்தக் காலத்து சிப்பின் பிறவிக் குணம், மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. அந்த 'ஸ்ஸ்ஸ்' இல்லாவிட்டால் கோரஸே இல்லை என்பார். எந்தச் சத்தம் வியாதி, எந்தச் சத்தம் அழகு என்பதை அவரைக் கேட்காமல் நாம் தீர்மானிக்கக் கூடாது.

எர்த் விவகாரத்துக்கு வைத்தியம் எளிது. சிந்த் ஒரு பிளக்கிலும் ஆம்ப்ளிஃபயர் வேறொரு பிளக்கிலும் இருந்தால் இரண்டு எர்த்துக்கும் நடுவே கரன்ட் சுற்றிச் சுற்றி வரும். எல்லாவற்றையும் ஒரே போர்டில் சொருகினால் அடங்கும். பிளக்கின் எர்த் காலை முறித்தாலும் சத்தம் போகும், ஆனால் ஆளும் கூடவே போகலாம் என்பதால் அதை மட்டும் செய்வதில்லை. ஒரே போர்டு என்று முடிவானதும் கூடத்தில் வசதியான இடத்தில் இருந்தது ஃபிரிட்ஜ் சொருகியிருந்த போர்டுதான். அன்று மத்தியானம் அந்த வீட்டில் எல்லாருக்கும் உருகிய குல்ஃபி, டம்ளரில்.

ஆனால் அந்த வீட்டின் நிஜமான யுத்தம் மின்விசிறியில்தான். எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் போட்ட ஃபேன் இரண்டிலோ மூன்றிலோ ஓடினால் அதன் 'ர்ர்ர்' ஸ்பீக்கரில் வந்து உட்கார்ந்துவிடும். ஆகவே சத்தம் எங்கே என்று தேட ஃபேனை நிறுத்த வேண்டும். ஃபேனை நிறுத்தினால் காற்று நிற்கும், சிந்த் சூடேறிச் சுருதி ஏறும். சுருதியைப் பிடிக்க ஃபேனைப் போட வேண்டும். போட்டால் 'ர்ர்ர்'. முழு வேகத்தில் வைத்தால் 'ர்ர்ர்' இல்லை, ஆனால் தரையில் பரப்பிய சர்க்யூட் படம் சமையலறைக்குப் பறக்கும். ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை முழுவதும் "ஏங்க, போடவா?" "வேண்டாம்." "இப்ப?" "இரு, இரு." "எங்கப்பா மயக்கமா வருதுங்கறார்." "அஞ்சு நிமிஷம்!" என்று போனதற்கு அக்கம்பக்கமே சாட்சி. பல்பு மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் இதைப் பார்த்துவிட்டு, "ஸ்டெப் ரெகுலேட்டர்னு ஒண்ணு வருது சார், உள்ள கெப்பாசிட்டர் வெச்சது, அதுல இந்தச் சத்தமே இருக்காது," என்று சொல்லி அரை மணியில் மாட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு வீட்டில் நெடுநேரம் யாரும் பேசவில்லை.

ஹேர் டிரையர் இந்த ஆராய்ச்சியின் முக்கியக் கருவி. சில கோளாறு சூடேறினால்தான் தலைகாட்டும். ஆறியதும் ஒன்றும் தெரியாத மாதிரி இருந்துவிடும். அதனால் ஒரு பாகத்துக்கு மட்டும் டிரையரால் சூடு காட்டிக் காதைத் தீட்டிக்கொள்வது, பிறகு குளிர் ஸ்பிரே அடித்து மறுபடி கேட்பது, சத்தம் வந்து போனால் குற்றவாளி அங்கேதான். ரிச்சி தெருவில் அந்த ஸ்பிரே கிடைக்காத நாளில், தூசி ஊதுகிற கேனைத் தலைகீழாகப் பிடித்து அடித்தால் அதுவும் உறையக் குளிரும். மகள் கல்லூரி விழாவுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள், தலை ஈரம். அப்பா டிரையரோடு ஆறாவது சர்க்யூட் போர்டின் மேல் கவிழ்ந்திருக்கிறார். கடைசியில் அகப்பட்டது ஒரு டிரை சால்டர். கனெக்டர் காலைச் சுற்றி, மயிரிழை வளையமாக ஈயம் விட்டிருந்தது. லென்ஸ் வைத்தால்தான் தெரியும். சால்டரிங் அயர்ன் நுனியை வைத்து எடுத்தார், ஈயம் பளபளத்து இறுகியது, தீர்ந்தது. மகள் ஈரத்தலையோடு எப்போதோ போய்விட்டிருந்தாள்.

கோர்க் பாலிசிக்ஸ் வைத்திருப்பவர்களின் துயரம் வேறு. 1981-ல் வந்த அதில், மெமரிக்காக வைத்த பேட்டரி ஒழுகி போர்டையே தின்றுவிடும். திறந்து பார்த்தால் பச்சையாகப் பூத்திருக்கும். அவர்களைப் பார்த்தால் இவர் எழுந்து நின்று கையைப் பிடித்துக்கொள்வார்.

இவருடைய சிந்த் எதனால் இப்படிக் கொதிக்கிறது என்பதைக் கடைசியில் சொன்னவர் காயில் கட்டுகிற கடைக்காரர். சிந்த் ஜப்பானுக்காகச் செய்தது. அங்கே வீட்டுக்கு 100 வோல்ட். இவர் அதை 230-ஐ 110 ஆக்குகிற ஸ்டெப் டவுனில் மாட்டியிருந்தார். பத்து வோல்ட்தானே என்று நினைத்தார். ராத்திரி தெருவில் 250 வரும்போது அந்த 110, 120 ஆகும். அதாவது உள்ளே 20 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 24. சர்க்யூட்டுக்கு வேண்டியதோ 15. மிச்சத்தை உள்ளே இருக்கிற வோல்டேஜ் ரெகுலேட்டர் என்ன செய்யும்? சூடாக்கி வெளியே தள்ளும். 5 வோல்ட்டைத் தள்ள வேண்டியது 9 வோல்ட்டைத் தள்ளினால், சூடு ஏறக்குறைய இரட்டிப்பு. இது தெரியாமல் மனிதர் ஹீட் சிங்க் பேஸ்ட்டைப் பழையதைச் சுரண்டிப் புதிதாகத் தடவி, ரெகுலேட்டர் இருக்கும் இடத்தைக் குழந்தைக்கு ஜுரம் பார்க்கிற மாதிரி மணிக்கொரு தரம் புறங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சூடுதான் கெப்பாசிட்டரையும் காய வைத்தது. பத்து டிகிரி ஏறினால் அதன் ஆயுள் பாதி. கெப்பாசிட்டர் காய்ந்ததால்தான் 'உம்ம்'.

கடைக்காரர் பெட்டியின் பின்பக்கத்தை மட்டும் திருப்பிப் பார்த்தார். "நூறுன்னு எழுதியிருக்கே சார். நூத்துப்பத்து குடுத்தா கொதிக்காம என்ன பண்ணும்? நாளைக்கு வாங்க, நூறுக்கே கட்டித் தரேன்." இவர் டிரான்சிஸ்டர், ஜோடி, 0.33 என்று ஆரம்பித்தார். "அட்வான்ஸ் ஐந்நூறு," என்றார் அவர்.

ஞாயிறு மாலை கூடுகிற நண்பர்கள் சபையில் இது பிளவை உண்டாக்கியது. பழைய டிரான்ஸ்ஃபார்மரையே கழற்றிவிட்டு ஸ்விட்சிங் சப்ளை போட்டால் சூடே இருக்காது என்றது ஒரு தரப்பு. போட்டால் மெல்லிசாக ஒரு 'கீ' வரும், நாய்க்குக் கேட்கும் என்றது இன்னொரு தரப்பு. யாரிடமும் நாய் இல்லாததால் ஒத்திவைக்கப்பட்டது.

இவ்வளவு சொல்கிறீர்களே, மனிதர் என்ன வாசிப்பார் என்று கேட்பீர்கள். ஒரு கட்டையை அழுத்துவார். பிடித்துக்கொண்டே இருப்பார். கண்ணை மூடுவார். விட்டுவிட்டு அடுத்ததை அழுத்துவார். சூடு பிடிக்க அரை மணி, சுருதி சேர்க்க ஒரு மணி. அதற்குள் அலுவலகத்திலிருந்து போன் வந்துவிடும். மாமனார் மட்டும் சாயங்காலம் பூஜை முடித்து, தன் எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியைத் தட்டிவிட்டு கல்யாணியில் நாலு வரி பாடுவார். கையடக்கப் பெட்டி. தட்டினால் சுருதி. சூடாகாது, குமிழ் திருக வேண்டாம். ஒருநாள் மாப்பிள்ளையைப் பரிவோடு பார்த்து, "ஒண்ணு வாங்கித் தரட்டுமா?" என்றார்.

புது டிரான்ஸ்ஃபார்மர் வந்தது, கெப்பாசிட்டர்கள் மாறின, எர்த் ஒழுங்கானது. இரண்டு நாள் கழித்து எனக்குப் போன். குரலில் சந்தோஷம் இல்லை. உடனே வரச் சொன்னார். போனேன். ஸ்பீக்கரின் வால்யூமை முழுக்க ஏற்றி, எல்லாரையும் பேசாதிருக்கச் சொல்லி, என் காதை ஸ்பீக்கரோடு ஒட்ட வைத்தார்.

"கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கலையே சார்."

"இப்பக் கேக்காது," என்றார், ஏதோ ஒரு நம்பிக்கையோடு. "ராத்திரி பதினொண்ணுக்கு மேல வாங்க. கடையெல்லாம் மூடினதும் வோல்டேஜ் ஏறும். அப்ப இருக்குன்னு நினைக்கறேன்."