முடியாத பின்னல்

ஒரே சமயத்தில் ஐந்தாறு பின்னல் வேலைகளைக் கையில் வைத்திருப்பவரைச் சென்னைக் குடியிருப்புகளில் அடையாளம் காண்பது சுலபம். வயது பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியிருக்கும். வங்கியிலோ பள்ளியிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவராக இருப்பார். அல்லது பிள்ளைகள் வெளியூர் போனபின் மாலைப் பொழுது திடீரென்று நீண்டுவிட்டவராக இருப்பார். கைப்பையைத் திறந்தால் மூக்குக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு நூலுருண்டை வெளியே வந்து விழும். கல்யாண மண்டபத்தில் முகூர்த்தத்துக்குக் காத்திருக்கும் நேரத்திலும் மடியில் கொக்கி ஊசி ஓடிக்கொண்டிருக்கும். கெட்டிமேளம் கேட்டதும் நிமிர்ந்து அட்சதை போடுவார். போட்ட கையோடு, 'பதினேழு' என்று விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்குவார்.

இந்த ஊரில் இப்படியொருவர் இருப்பதே யோசித்தால் விசித்திரம்தான். ஜனவரி இரவில்கூட இங்கே வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே நின்றுவிடும். ஸ்வெட்டரும் மஃப்ளரும் தேவைப்படுகிறவர்கள், மார்கழி விடியலில் நடக்கப் போகும் தாத்தாக்கள் மட்டுமே. ஆனால் பின்னலுக்கும் குளிருக்கும் உள்ள உறவு, அரிசிமாவுக் கோலத்துக்கும் எறும்பின் பசிக்கும் உள்ள உறவைப் போன்றது. காரணம் கேட்பவர்களுக்குச் சொல்ல உதவும். அதற்காகத்தான் செய்கிறார்கள் என்று யாரும் நம்புவதில்லை.

பழக்கம் புதிதல்ல. 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண்மணி உள்ளூர்ப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசா, ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அந்தக் கலையும் கூடவே போனது. மிஷன் பள்ளிகளின் தையல் வகுப்புகள் வழியாகக் கொக்கி ஊசிப் பின்னலான குரோஷாவும் வீடுகளுக்குள் வந்தது. ஒரு தலைமுறைக்கு முன்புவரை அதற்கென்று வரையறுத்த வேலை இருந்தது: டிவிக்கு மேல்விரிப்பு, டெலிபோனுக்கு மூடி, தண்ணீர்ப் பானைக்கு முத்துக் கோத்த வலை. மதுரா கோட்ஸின் ஆங்கர் வெள்ளை நூலுருண்டை ஒன்று வாங்கினால், விரிப்பு முடிந்த பிறகுதான் அடுத்த உருண்டை. டிவி சுவரில் மாட்டும் பலகையாகி, டெலிபோன் சட்டைப்பைக்குள் போன பிறகு, பின்னுகிறவரின் கையைக் கட்டுப்படுத்தும் வீட்டுச் சாமான் எதுவும் மிஞ்சவில்லை. பலபின்னல்காரரின் காலம் அங்கே தொடங்குகிறது.

அவருடைய வேலைகள் வீட்டில் எங்கெங்கே கிடக்கின்றன என்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. சோபாவின் வலப்பக்கத்துத் துணிப்பையில் பேரனுக்கான போர்வை இருக்கும். குழந்தை வயிற்றில் இருந்தபோது ஆரம்பித்தது. பையன் இப்போது யுகேஜி. யோசிக்காமல் பின்னக்கூடிய நேர் வரிசைகள் என்பதால் இது சீரியல் நேரத்துக்கு. கட்டில் தலைமாட்டில் மகளுக்கான லேஸ் ஷால். ஒவ்வொரு வரிசையையும் கட்டம் போட்ட தாளைப் பார்த்துத்தான் பின்ன வேண்டும், பேச்சுக் கொடுத்தால் தப்பிவிடும். ஆகவே வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகுதான் கையில் எடுக்க முடியும். அந்த நேரத்தில் அவருக்கும் தூக்கம் வந்துவிடும். கைப்பையில் இருப்பவை சின்னச் சதுரங்கள், டாக்டர் கிளினிக்குக்கும் மெட்ரோ ரயிலுக்கும். வேலைக்கு ஒரு மனநிலை, மனநிலைக்கு ஒரு வேலை என்பது அவருடைய வாதம். நியாயமான வாதம்தான். ஒரே ஒரு பின்னலை வைத்துக்கொண்டு சீரியலையும் கிளினிக்கையும் நள்ளிரவையும் சமாளிக்க முடியாது என்பதை அனுபவப்பட்டவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் இருப்பதுதான் சிக்கலான விவகாரம். குரோஷாவில் கொலு பொம்மை பின்னும் ஆசை வந்து, தசாவதார செட் தொடங்கப்பட்டிருக்கும். மச்சம் ஒரே நாளில் முடிந்தது. கூர்மத்துக்கு ஓடு தனி, உடம்பு தனி, அதுவும் முடிந்தது. வராகத்தின் கொம்பு இரண்டு தடவை பிரித்துப் பின்னியதில் நேரானது. நரசிம்மர் வந்ததும் வேலை நின்றது. பிடரிமயிரை ஒவ்வொரு இழையாகத் தனித்தனியே முடிச்சுப் போட்டுக் கட்ட வேண்டும். ஆகவே நவராத்திரி தோறும் மூன்று அவதாரங்கள் மட்டும் இரண்டாம் படியில் இடைவெளி விட்டு நிற்கும்.

"மாமி, பாக்கி ஏழு பேர்?" என்று சுண்டல் வாங்க வந்த பெண் கேட்பாள்.

"வந்துண்டே இருக்கா. அடுத்த வருஷம் பாரு."

கல்கிக்குக் குதிரை வேறு பின்ன வேண்டும் என்பது மாமிக்குத் தெரியும். அதை யாரிடமும் சொல்வதில்லை.

புதிய வேலை எப்படித் தொடங்குகிறது என்பதற்குக் காரணம் தேடினால் வெளியே கிடைக்காது. எந்தப் பின்னலுக்கும் முதல் பத்து வரிசை புதுமை, கடைசிப் பத்து வரிசை உற்சாகம். நடுவில் இருக்கும் நூற்றைம்பது வரிசைக்குத்தான் எந்தப் பெயரும் இல்லை. அந்த நடுப்பகுதியில் நிற்பவரின் காதில் யாரோ கர்ப்பமாக இருக்கும் செய்தி விழுந்தால் போதும், மஞ்சள் நிறத்தில் குட்டிக் காலுறை ஆரம்பமாகிவிடும். ஒரு கால் முடிந்ததும் ஆர்வமும் முடியும். இன்னொரு கால் அதேபோல் வர வேண்டும் என்பதைவிடச் சலிப்பூட்டும் நிபந்தனை இந்தக் கலையில் இல்லை. வீட்டார் இதை ஆரம்பசூரத்தனம் என்பார்கள். அது பாதிதான் உண்மை; ஆரம்பசூரர் கைவிட்டதை மறந்துவிடுவார். இவர் எதையும் கைவிடுவதில்லை. எல்லாம் 'போய்க்கொண்டிருக்கிறது'.

கருவிகளும் இதற்குத் துணை போகின்றன. இரண்டு ஊசிப் பின்னலில் ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளும் ஊசியின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். ஊசியை உருவினால் அத்தனையும் கழன்று இறங்கும். ஆகவே பாதியில் நிற்கும் ஸ்வெட்டர் தன் ஊசிகளை விட்டுக்கொடுக்காது. அதே அளவில் இன்னொன்று தொடங்க வேண்டுமானால் இன்னொரு ஜோடி வாங்கியே ஆக வேண்டும். பலபின்னல்காரர் வீட்டில் நான்கு மில்லிமீட்டர் ஊசி மட்டும் மூன்று ஜோடி இருப்பது இதனால்தான். மூன்றும் வேலையில் மாட்டியிருக்கும். குரோஷாவில் கதை வேறு. கொக்கியில் எந்நேரமும் இருப்பது ஒரே ஒரு கண்ணி. அதில் ஒரு ஊக்கை மாட்டிவிட்டுக் கொக்கியை எடுத்துக்கொண்டு போய்விடலாம். இந்தச் சுதந்திரத்தில்தான் ஆபத்து இருக்கிறது. மூன்று மாதம் கழித்துப் போர்வைக்குத் திரும்பும்போது, பின்னியது மூன்றரை மில்லிமீட்டர் கொக்கியிலா நான்கிலா என்ற கேள்வி வரும். நினைவு நான்கு என்று சொல்லும். இருபது வரிசை ஏறிய பிறகு விரித்துப் பார்த்தால், கீழே ஒன்றரை முழமும் மேலே அதைவிட நாலு விரல் கூடவும் இருக்கும். அனுபவசாலிகள் தொடங்கும்போதே நூல்வாலில் கொக்கியின் அளவுக்கு ஏற்ற எண்ணிக்கையில் முடிச்சுப் போட்டு வைப்பார்கள். அரை மில்லிமீட்டரை எப்படி முடிச்சாகப் போடுவது என்பது தனி விவாதம்.

நூல் சேர்வதற்கும் தர்க்கரீதியான அடிப்படை உண்டு. ஒரே நிறம், ஒரே எண் என்றாலும் வேறு சாயத்தொட்டியில் தோய்த்த நூல் துளி மாறித் தெரியும்; உருண்டையின் தாளில் அச்சிட்ட லாட் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். குறைந்துபோனால் அதே லாட் கிடைக்காது. ஆகவே ஐந்து தேவைப்பட்டால் ஏழு வாங்க வேண்டும் என்பது விதி. இதன்படி ஒவ்வொரு வேலையும் இரண்டு உருண்டைகளை ஈன்றுவிட்டுப் போகிறது. அந்த மிச்ச உருண்டைகளுக்கு ஜோடி தேடிப் பாரிமுனைக்குப் போனால் மேலும் எட்டு வரும். பரண், அயலூர் போகும் சூட்கேஸ், மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி என்று சரக்கு பரவும். எல்லாவற்றிலும் பாச்சை உருண்டை தவறாமல் இருக்கும். சென்னைக் கடைகளில் உல்லன் என்று விற்பதில் பெரும்பங்கு அக்ரிலிக். அந்துப்பூச்சிக்கு அதில் தின்ன எதுவுமில்லை. அது பூச்சியின் பிரச்சினை.

இந்தச் சரக்குக்கு வீட்டில் கணக்குக் கேட்கப்படும் கட்டத்தில் தர்மம் வந்து சேர்கிறது. "இது நமக்கு இல்லீங்க, ஆஸ்பத்திரிக் குழந்தைங்களுக்கு" என்று சொன்னபின் எந்தக் கணவரும் பில்லைத் திருப்பிப் பார்ப்பதில்லை. ஆனால் இதை வெறும் சாக்கு என்று எழுதிவிட்டால் அநியாயம். வீட்டுக்காகத் தொடங்கியவை ஆண்டுக்கணக்கில் நிற்க, முகம் தெரியாதவருக்குத் தொடங்கியவை மட்டும் தேதி தவறாமல் முடிகின்றன. இந்தச் சமூகப் பிராணியைப் பற்றிய மிகச் சுவையான உண்மை இதுதான்.

பெரிய சாட்சி சென்னையிலேயே இருக்கிறது. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய மதர் இந்தியாஸ் குரோஷே க்வீன்ஸ் குழு, 2016 ஜனவரியில் இங்கே 11,148.5 சதுர மீட்டர் குரோஷாப் போர்வையை விரித்து கின்னஸ் சாதனை படைத்தது. பல ஊர்களில் பெண்கள் தனித்தனியே பின்னி அனுப்பிய போர்வைகளை ஒன்றாக இணைத்த பரப்பு அது. சாதனை முடிந்ததும் தையல் பிரிக்கப்பட்டுப் போர்வைகள் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. அந்தப் பெண்களில் எத்தனை பேர் வீட்டில் பேரன் போர்வை பாதியில் நின்றிருக்கும் என்பதைக் கின்னஸ் அளக்கவில்லை.

தர்மப் பின்னலில் பலபின்னல்காரர் காட்டும் ஒழுக்கமும் வேறு ரகம். குறைமாதக் குழந்தைகளுக்குக் குரோஷா ஆக்டோபஸ் கொடுக்கும் வழக்கம் 2013இல் டென்மார்க்கில் தொடங்கியது. தொப்புள்கொடியைப் பற்றியிருந்த கை அந்தப் பொம்மையின் சுருள் கால்களைப் பற்றிக்கொள்ளும், மருத்துவக் குழாய்களை இழுக்காது என்பது எண்ணம். விதிகள் கறாரானவை. முழுக்கப் பருத்தி நூல், 60 டிகிரி வெந்நீரில் துவைக்கத் தாங்க வேண்டும், இழுத்துப் பிடித்தாலும் கால் 22 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் குழந்தையைச் சுற்றிக்கொள்ளும். எட்டுக் கால்களையும் அடிக்கோல் வைத்து அளந்து, 22.5 வந்ததைப் பிரித்து மறுபடி பின்னும் அதே கைதான் மாப்பிள்ளையின் ஸ்வெட்டரைக் கண்ணளவில் பின்னி, சட்டைக்கு மேல் ஏறாமல் செய்தது.

மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்த பெண்களுக்குப் பருத்தி நூலில் செயற்கை மார்பகம் பின்னி இலவசமாகக் கொடுக்கும் முயற்சி 2011இல் அமெரிக்காவில் தொடங்கி இந்தியாவுக்கும் வந்திருக்கிறது. உள்ளே பாலியெஸ்டர் பஞ்சு, கனம் இல்லை, உறுத்தாது. மேஜை மேல் ஜோடியாக உலர வைத்திருந்ததைக் கணவர் கையில் எடுத்துப் பார்ப்பார்.

"இது எந்த அவதாரம்?"

"அவதாரம் இல்லீங்க. கேன்சர் ஆபரேஷன் ஆனவங்க உள்ளே வெச்சுக்கிறது. இருந்த இடத்திலே வைங்க."

அவர் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, பேப்பர் படிக்கப் போய்விடுவார். அன்று முதல் பரண் பற்றிய பேச்சு அந்த வீட்டில் எழுவதில்லை.

தர்மம் ஏன் முடிகிறது என்பதற்கு விளக்கம் எளிது. பொருள் சிறியது: ஒரு குல்லா, ஒரு சதுரம். சலிப்பூட்டும் நடுப்பகுதி வருவதற்குள் கடைசி வரிசை வந்துவிடும். பார்சல் போகும் தேதி இருக்கிறது. முக்கியமாக, பெறுகிறவர், 'கலர் கொஞ்சம் டல்லா இருக்கே, சித்தி' என்று சொல்வதில்லை.

கருணை அளவு மீறுவதும் உண்டு, அது சென்னைக்கு மட்டும் உரியதல்ல. ஆஸ்திரேலியாவின் பிலிப் தீவில் 2001இல் எண்ணெய்க் கசிவில் 438 சிறுவகைப் பென்குவின்கள் சிக்கின. இறகிலுள்ள எண்ணெயை அவை அலகால் கோதி விழுங்கிவிடாமல் இருக்க, கழுவும்வரை உடம்பில் கம்பளிச் சட்டை மாட்டப்பட்டது. பெரும்பாலானவை பிழைத்தன. பின்னொரு சமயம் அந்தச் செய்தி மறுபடி உலகெங்கும் பரவியபோது, எண்ணெய் படாத காலத்திலும் சட்டைகள் வந்து குவிந்தன. உபரியைப் பொம்மைப் பென்குவின்களுக்கு மாட்டி, விற்று நிதி திரட்டினார்கள். ஆபத்து இல்லை என்று தகவல் சொன்னால் நிற்கக்கூடிய கை அல்ல அது.

முடிந்ததாகச் சொல்லப்படும் வேலைக்கும் உண்மையில் முடிந்த வேலைக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது: நூல்முனை செருகுதல். நாலு நிறச் சதுரம் ஒன்றில் ஒவ்வொரு நிறத்துக்கும் தொடக்கம் ஒன்று, முடிவு ஒன்று என எட்டு முனைகள். நூறு சதுரப் போர்வைக்கு 800. ஒவ்வொன்றையும் மழுங்கின ஊசியில் கோத்து, வந்த வழியே ஒரு தடவை, எதிர்வழியே ஒரு தடவை ஒளித்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே பல்லிளிக்கும். புத்திசாலிகள் பின்னும்போதே முனையை உள்ளே வைத்துப் பின்னிவிடுவார்கள். மற்றவர்கள் போர்வையைத் தலைகீழாகத் திருப்பி, குஞ்சம் தொங்கும் பக்கம்தான் மேல்பக்கம் என்று அறிவிப்பார்கள்.

எல்லாவற்றையும் முடிக்க முடியாது என்பது ஏதோ ஒரு தீபாவளிச் சுத்தத்தின்போது இவருக்கே தெரிய வரும். ஷால் சம்பந்தியின் தங்கைக்குக் கைமாறும். அவரும் பின்னுகிறவர், அவரிடம் ஏற்கெனவே நாலு உண்டு. ஒற்றைக் காலுறை சாவிக்கொத்தின் அலங்காரமாகும். போர்வை, பேரனின் கட்டில் நீளத்துக்கு எட்டாது என்று உறுதியானபின், பிரிக்கப்படும். பிரிப்பதற்கும் முறை இருக்கிறது. ஒருவர் இழுக்க, ஒருவர் நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்க வேண்டும். சுருண்டு போன நூலை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, கீழே சின்னக் கனம் கட்டித் தொங்கவிட்டால் நெளிவு போய்விடும். காய்ந்தபின் மறுபடி உருண்டையாகச் சுற்றி எடை பார்ப்பார்கள். அந்த நூலில் எத்தனை குழந்தைக் குல்லா வரும் என்று கணக்குப் போட்டால் பார்சல் தேதிக்குள் முடியக்கூடிய எண்ணிக்கையாகத்தான் இருக்கும். நாலாவது குல்லாவுக்கு நிறம் போதாது என்று தெரிந்ததும் பாரிமுனைக்கு ஆட்டோ பேசப்படும்.